பெடலை இறுக்கினால் விரல் தப்புமா?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலையை மென்றபடி மண்டபத்து வாசலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி நடிகர் கோவிந்தாவிடம் வந்து நின்றது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி விடிகாலையில், மும்பை வீட்டில், தன் சொந்த ரிவால்வரின் குண்டைத் தானே காலில் வாங்கிக்கொண்டார் அல்லவா, அந்தக் கதை. எங்கள் சொந்தத்தில் மாமா ஒருவர், மில் வைத்திருப்பவர், .32 ரிவால்வருக்கு லைசென்ஸும் வைத்திருப்பவர், தீர்ப்பு சொன்னார்:

"ட்ரிக்கர லூசா வெச்சிருந்திருப்பாருங்க மாப்ளே. நம்முளுது நல்லா டைட்டு. முக்கி இழுத்தாத்தான் வெடிக்கும். அதானுங்க சேஃப்டி."

சுற்றி இருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலை ஆடவில்லை. கோவை கணபதியில் ஒரு டூல் ரூமில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, டாக்டர் நடக்கச் சொன்னதைக் கேட்காமல், ஏர் பிஸ்டல் சுடப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு அரைகுறையாவது தெரியும். கல்யாண வீட்டில் மாமாவை எதிர்த்துப் பேசுவது முறையல்ல என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இங்கே பேசலாம்.

மாமா சொன்னது அவர் ஒருவருடைய கருத்து இல்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் நகைக்கடைக்காரர்கள், எஸ்டேட்காரர்கள், ஓய்வுபெற்ற காவலர்கள் என்று யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்: ட்ரிக்கர் கனமாக இருந்தால் பாதுகாப்பு, லேசாக இருந்தால் ஆபத்து. அவர்கள் தரப்பை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். விரல் தெரியாமல் பட்டாலும் கனமான ட்ரிக்கர் அசையாது. பதறிப் போனவன் நினைக்காமல் சுட்டுவிட மாட்டான். கீழே விழுந்தாலும் வெடிக்காது. நியூயார்க் போலீஸே அப்படித்தான் வைத்திருந்தது. லேசான ட்ரிக்கரெல்லாம் மெடல் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு. இவ்வளவுதான் அந்த வாதம். கேட்கும்போது அசைக்க முடியாதது போலத்தான் இருக்கும்.

முதலில் கனம் என்றால் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும். துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்திப் பிடித்து, ட்ரிக்கரில் ஓர் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள். எவ்வளவு எடை தொங்கும்போது ட்ரிக்கர் விட்டுக்கொடுக்கிறதோ அதுதான் அதன் எடை. போட்டிகளில் இதற்கென்றே ஒரு மேஜை இருக்கும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் குறைந்தது 500 கிராமைத் தாங்க வேண்டும். 25 மீட்டரில் சுடும் .22 ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் 1000 கிராமைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் களத்துக்குள் விடமாட்டார்கள்.

இதை நம் வீட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது சுலபம். ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஏறக்குறைய அரைக்கிலோ. பாக்கெட்டின் காதில் ஒரு நூலைக் கட்டி ஆள்காட்டி விரலின் முன்கணுவில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதுதான் ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர். இரண்டு பாக்கெட் தொங்கினால் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல். போலீஸ்காரர்கள் இடுப்பில் வைக்கும் க்ளாக் வகைக்கு ஐந்து பாக்கெட், அதாவது இரண்டரைக் கிலோ. மாமாவின் ரிவால்வரைப் போன்றவற்றில், தோட்டாவை அடிக்கும் சுத்தியலை மடக்காமல் நேரே இழுத்தால் ஒன்பது, பத்து பாக்கெட் ஆகும். பால் பாக்கெட்டை நூலில் கட்டித் தொங்கவிட்ட என்னை என் சம்சாரம் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

இனி முதல் வாதம். ஐந்து கிலோ இழுத்தால்தான் வெடிக்கும், ஆகவே தெரியாமல் வெடிக்காது.

ஐந்து கிலோ அரிசிப் பையின் பிடியை ஒற்றை விரலில் மாட்டி, கடையிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து வராதவர் யார்? விரலுக்கு அது ஒரு பெரிய சுமையே இல்லை. வளர்ந்த ஆள் பயந்து கையை இறுக்கினால் பிடியின் பலம் இருபது, முப்பது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் ஆள்காட்டி விரலின் பங்கு ஐந்து கிலோவை எட்டுவது பெரிய காரியமா? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தசை நரம்பியக்கத்தை ஆராய்ந்த ரோஜர் இனோக்கா, கை தானாக இறுகும் சந்தர்ப்பங்களாக மூன்றைச் சொல்கிறார். திடீரென்று திடுக்கிடும்போது. கால் தடுக்கி நிலை தடுமாறும்போது. ஒரு கை எதையாவது பலமாகப் பிடித்து இழுக்கையில் மற்றக் கையும் கூடவே இறுகும்போது. மூன்றிலும் மூளையைக் கேட்டுக்கொண்டு விரல் மடங்குவதில்லை. விரல் ஏற்கெனவே ட்ரிக்கரின் மேல் இருந்தால், கனம் அதைத் தடுக்கும் என்று நம்புவது வீண்.

இது வெறும் ஆய்வகக் கணக்கு இல்லை என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. 1990களின் தொடக்கத்தில் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியபோது, பழைய ரிவால்வரைப் போலவே கனமாக இருக்கட்டும் என்று அந்த ஊர்ப் போலீஸ் கிட்டத்தட்ட 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ ட்ரிக்கரைக் கேட்டு வாங்கியது. உலகத்தில் எந்தப் பெரிய போலீஸும் பிஸ்டலில் அவ்வளவு கனம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2014 நவம்பர் 20ஆம் தேதி இரவு புரூக்ளினில் ஒரு குடியிருப்பின் இருட்டுப் படிக்கட்டில் பீட்டர் லியாங் என்ற புதிய காவலர் பிஸ்டலைக் கையில் பிடித்தபடி கதவைத் தள்ளினார். ஏதோ சத்தம் கேட்டது. கை இறுகியது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்துப் படியில் இறங்கிக்கொண்டிருந்த அகாய் கர்லி என்ற இளைஞரின் மார்பில் பாய்ந்தது. கையில் ஒன்றும் இல்லாத, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத மனிதர். செத்துப்போனார்.

வழக்கு விசாரணையில் ஜூரிகள் அந்த மாதிரி ட்ரிக்கரைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு கனமானது தானாக எப்படி வெடிக்கும் என்பதுதான் அவர்களுக்கும் கேள்வி. நம் மாமாவின் கேள்வியும் அதேதான். நீதிமன்ற அறையில் அமைதியாக உட்கார்ந்து இழுத்தால் அது கனம். இருட்டுப் படிக்கட்டில் நெஞ்சு படபடக்க நிற்பவனுக்கு அது கனமே இல்லை. அந்தக் காவலர் அன்று செய்த தவறு, விரலை ட்ரிக்கர் வளையத்துக்குள் விட்டிருந்தது. அவர் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள், சுடுவது என்று முடிவு செய்யும்வரை விரல் வெளியே என்று. ஐந்து கிலோ கனத்தை நம்பி அந்தப் பாடத்தைக் கொஞ்சம் தளரவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இது என் ஊகம்தான்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், இதே தவறான யோசனையை வேறு உருவத்தில் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பவர் பிரஸ் தெரியும்தானே? தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து டை இறங்கி வெட்டும். எங்கள் ஊரில் அந்த மிஷினில் விரல் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் உண்டு. நான் சேர்ந்த புதிதில் ஒரு பட்டறையில், பையன்கள் தெரியாமல் பெடலை மிதித்துவிடுகிறார்கள் என்று ஸ்பிரிங்கை மாற்றி பெடலைக் கனமாக்கினார்கள். என்ன ஆயிற்று? மத்தியானத்துக்குமேல் கால் அசந்து, பையன்கள் உடம்பின் பாரத்தையே பெடலில் ஏற்றி மிதிக்க ஆரம்பித்தார்கள். உடம்பு முன்னால் சாய்ந்தது, கையும் உள்ளே சாய்ந்தது. ஒரு விரல் போன பிறகுதான் ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றினார்கள்.

அந்தப் பிரச்சினைக்குப் பிறகு வந்த தீர்வு என்ன? இரட்டைக் கை ஸ்விட்ச். இரண்டு கையும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை இறங்கும். கை இரண்டும் வெளியே இருந்தால்தான் மிஷின் ஓடும் என்று ஆக்கிவிட்டார்கள். பட்டன் லேசாகத்தான் இருக்கும், பிள்ளை அழுத்தினாலும் இறங்கும். பாதுகாப்பைப் பட்டனின் கனத்தில் வைக்காமல் கை இருக்கும் இடத்தில் வைத்தார்கள். துப்பாக்கியில் அதற்கு நிகரானது விரல் இருக்கும் இடம்.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். கனத்தால் நஷ்டம் ஒன்றுமில்லையே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். நஷ்டம் இருக்கிறது, அதுவும் சின்னது இல்லை.

ஏர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. அதன் ட்ரிக்கர் அரைக்கிலோ. துப்பாக்கியின் எடையில் பாதி. ஆகவே விரல் மடங்கும்போது துப்பாக்கி அதிகம் நகராது. க்ளாக் 17 குண்டு நிரப்பினால் சுமார் 900 கிராம், ட்ரிக்கர் இரண்டரைக் கிலோ, கிட்டத்தட்ட மூன்று பங்கு. நியூயார்க் ட்ரிக்கராக இருந்தால் ஆறு பங்கு. ஒரு பொருளை அதன் எடையைப்போல ஆறு மடங்கு பலத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே, அது அசையாமலும் இருக்க வேண்டும் என்றால் பிடி எவ்வளவு இறுக வேண்டும்? பிடி இறுகினால் கை நடுங்கும். கடைசி நொடியில் குண்டு கீழேயும் ஓரமாகவும் இழுபடும். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடக்கீழ்ப்பக்கம். இதை அட்டையில் பார்த்தால் சிரிப்பு வரும், தெருவில் பார்த்தால் வராது.

2012 ஆகஸ்ட் 24ஆம் தேதி, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், கொலை செய்துவிட்டுப் போன ஒருவனை இரண்டு காவலர்கள் மிக அருகில் மறித்தார்கள். அவன் துப்பாக்கியை எடுத்தான். அவர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் விழுந்தான். கூடவே தெருவில் நின்ற ஒன்பது பேர் போலீஸ் குண்டுகளாலும் தெறித்த சிதறல்களாலும் காயப்பட்டார்கள். எல்லாப் பழியையும் ட்ரிக்கர் மேல் போடுவது நியாயமாகாது. கூட்டம், பதற்றம், கல் சுவர், எல்லாமே காரணம். ஆனால் அன்றைக்கே அந்த ஊரில் பலர் கேட்ட கேள்வி, ஐந்தரைக் கிலோ ட்ரிக்கரை வைத்துக்கொண்டு பதற்றத்தில் ஒருவன் எப்படி நேராகச் சுடுவான் என்பதே. 2021இல் அதே போலீஸ் துறை, புதிதாகச் சேர்பவர்களுக்கு லேசான ட்ரிக்கர் பிஸ்டல்களைக் கொடுப்பதாக அறிவித்தது. கனத்துக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் ஊரே கனத்தைக் கைவிட்டது. இது நம் கல்யாண மண்டபங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கீழே விழுந்து வெடிப்பது தனிக் கதை. கோவிந்தா விஷயத்தில், அலமாரியில் வைக்கும்போது கைதவறி விழுந்து வெடித்ததாக அவர் தரப்பில் சொன்னார்கள். அது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால், ட்ரிக்கரை யாரும் தொடவே இல்லை. தொடாத ட்ரிக்கர் எத்தனை கிலோ என்பது எதற்கு? பழைய காலத்து ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியலுக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் நடுவே தடுப்பு ஒன்றும் இருக்காது. சுத்தியல் தரையில் இடித்தால் தோட்டாவையும் இடிக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்தியலுக்குக் கீழே வெற்று அறையை வைப்பார்கள். ட்ரிக்கரின் கனத்தைக் கூட்டினால் இது மாறாது. உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேட்பதுதான் கேள்வி.

இதில் நம் பக்கத்து டூல் ரூம் ஆள் யாரும் ரசிக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2017இல் அமெரிக்காவில் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று சோதனைகள் காட்டின. காரணம், ட்ரிக்கர் என்ற அந்தச் சின்னப் பாகத்தின் சொந்த எடை. துப்பாக்கி தரையில் பட்டு நின்றுவிட்டது, ட்ரிக்கர் நிற்காமல் போன வேகத்திலேயே பின்னால் போனது. பஸ் பிரேக் போட்டால் நாம் முன்னால் போகிறோமே, அதேதான். நிறுவனம் இலவசமாக மாற்றிக் கொடுத்தபோது போட்டது இன்னும் லேசான பாகமாகச் செய்த ட்ரிக்கர். லேசாக்கியதால் பாதுகாப்பு கூடியது. பாகத்தின் எடையும் இழுவையின் எடையும் வேறு வேறு என்பது எனக்கும் தெரியும். கனம் என்றாலே பாதுகாப்பு என்று மேலோட்டமாகச் சொல்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்காகச் சொன்னேன்.

மாமாவின் ரிவால்வரையே எடுத்துக்கொள்வோம். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32. அது டைட் என்பது பாதி உண்மைதான். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் மடக்கி வைத்துவிட்டால், அதே ட்ரிக்கர் சுமார் ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு இறங்கிவிடும். இழுக்க வேண்டிய தூரமும் நூலளவாகச் சுருங்கும். ஆக ஒரே ரிவால்வருக்கு இரண்டு எடை. பயந்தவன் முதலில் செய்வது என்ன? சினிமாவில் பார்த்தபடி சுத்தியலை மடக்கி மிரட்டுவது. பெருமைப்பட்டுக்கொண்ட கனம் அந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

சரி, அப்படியானால் லேசாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கனத்தின் கட்சியில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. அதை என் சொந்த அனுபவத்திலிருந்தே ஒத்துக்கொள்கிறேன்.

ஏர் பிஸ்டல் வாங்கிய முதல் வருஷம். ட்ரிக்கரின் உள்ளே இரண்டு கட்டம் இருக்கும். முதல் கட்டத்தில் விரல் லேசாகப் பின்னால் போய் ஒரு சுவரில் மோதும். அந்தச் சுவரைத் தாண்டுவது இரண்டாவது கட்டம். 500 கிராமை இரண்டுக்கும் பிரித்துக்கொடுக்கலாம். பலர் முதல் கட்டத்துக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, சுவரை மெல்லியதாக வைப்பார்கள். எனக்கும் அந்த ஆசை. ஆலன் கீயை எடுத்து, இரண்டாவது கட்டத்துக்கான திருகைக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று திருகிக்கொண்டே போனேன். டூல் ரூம்காரன் என்ற திமிர். மறுநாள் ரேஞ்சில் பெல்லட் போட்டு, பின்மூடியை மூடினேன். மூடும்போதே சுட்டுவிட்டது. விரல் ட்ரிக்கருக்குப் பக்கத்திலேயே இல்லை. ட்ரிக்கரை இழுக்கும்வரை பிடித்து நிறுத்தும் கொண்டியும் பல்லும் கவ்வும் அளவை ஒரு மயிரிழைக்குக் குறைத்துவிட்டிருந்தேன், மூடிய அதிர்ச்சியிலேயே நழுவிவிட்டது.

பெல்லட் எங்கே போயிற்று? எதிர்ச் சுவருக்கு. வாய் ரேஞ்சைப் பார்த்து இருந்தது. கோச் வந்தார், திட்டவில்லை. பிஸ்டலை வாங்கினார், மூடியைத் திறந்தார், குழாய்க்குள் மஞ்சள் நூலைச் செருகினார். குழாய் வெறுமை என்று எல்லோருக்கும் காட்டும் நூல் அது. பிறகுதான் பேசினார்: "அண்ணா, ட்ரிக்கரு தப்புப் பண்ணிருச்சு. கை தப்புப் பண்ணல. ரெண்டும் சேந்து தப்புப் பண்ணுனாத்தான் யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க."

ஆக 500 கிராம் என்பது ரேஞ்சுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எடை. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்க நிற்கும் இடம், அதிகாரி உத்தரவு கொடுத்த பிறகே பெல்லட் போடும் இடம், நூல் செருகாமல் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாத இடம். அந்த ஒழுங்கு இல்லாத இடத்துக்கு அந்த எடை பொருந்தாது. இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடமாடும் பிஸ்டலுக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ சரி. அதன் உறை ட்ரிக்கரை முழுவதும் மூட வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

மெடல் வாங்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பாரிஸில் 2024 ஜூலையில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஏர் பிஸ்டல் கற்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். பெற்றோர் மாமாவுக்கு நேர் எதிர்க்கட்சி: எவ்வளவு லேசோ அவ்வளவு ஸ்கோர். 480க்கு இறக்கிப் பயிற்சி செய்துவிட்டு, போட்டி நாளன்று எடைமேஜையில் தோற்று, அவசரமாகத் திருகி, தெரியாத ட்ரிக்கரோடு களத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விவரமானவர்கள் பத்துப் பதினைந்து கிராம் கூடவே வைத்துக்கொள்வார்கள்.

லேசுதான் ஸ்கோர் என்றால் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ நமக்குப் புரியாத ஆள் ஆகிவிடுவார். 2012 லண்டனில் அவர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலிலும் தங்கம் வாங்கினார், 50 மீட்டர் பிஸ்டலிலும் தங்கம் வாங்கினார். முதலாவதில் குறைந்தது 500 கிராம் கட்டாயம். இரண்டாவதில் எடைக்கட்டுப்பாடே கிடையாது, ஊதினால் சுடும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். அதே லண்டனில் நம் விஜய் குமார் வெள்ளி வாங்கியது 25 மீட்டர் ரேபிட் ஃபயரில். நான்கு விநாடியில் ஐந்து இலக்கில் ஐந்து குண்டு, ட்ரிக்கர் ஒரு கிலோவுக்குக் குறையாமல். ட்ரிக்கர் எப்போதும் ஒரே மாதிரி விட வேண்டும், அது எந்த எடையாக இருந்தாலும். அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். கரடுமுரடாக இழுபடும் 500ஐவிட, கண்ணாடித்துண்டு முறிவதுபோலச் சுத்தமாக விடும் 1000 நல்லது.

இந்தக் கரடுமுரடை நம் ஊரில் சரிசெய்ய நினைப்பவர்கள் போகும் இடம் எது? லேத் பட்டறை. கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: பம்ப்செட்டோ கிரைண்டரோ ராக்கெட் பாகமோ, தெரிந்த லேத்துக்காரர் ஒருவர் இருந்தால் போதும். அந்த நம்பிக்கையில்தான் நான் சோறு தின்றேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரிவால்வரை அங்கே கொண்டுபோகாதீர்கள். கொண்டியின் முகத்தில் உள்ள கடினப்பூச்சு மிக மெல்லியது. அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே மென்மையான இரும்பு வந்துவிடும். முதல் வாரம் வெண்ணெய் மாதிரி இழுக்கும். அதன் பிறகு தேய்ந்து, எப்போது நழுவும் என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் விடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். லேத்துக்காரருக்கு அது கிடையாது. உங்கள் லைசென்ஸோடு சேர்ந்து அவர் பிழைப்பும் போகும்.

எந்த எடை யாருக்குப் பொருந்தும் என்று பேசும்போது பெண்களையும் வயதானவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கனம்தான் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். 2014 ஜனவரியில் கான்பூரில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டார்கள், பெண்களுக்கென்று. மொத்தமே 500 கிராம் எடை, கைப்பையில் அடங்கும் என்று விளம்பரம். துப்பாக்கியே ஒரு பால் பாக்கெட்தான். அந்த வகை ரிவால்வர்களுக்கு வழக்கமான நாலரை, ஐந்து கிலோ இழுவை என்றால், பொருளைப்போல ஒன்பது பத்து மடங்கு பலத்தை அதன் மேலேயே செலுத்த வேண்டும். எங்கள் ரேஞ்சுக்கு வரும் அறுபத்தைந்து வயது அம்மா ஒருவருக்கு விரல் மூட்டில் வாதம். ஏர் பிஸ்டல் அழகாகச் சுடுவார். அவர் கையில் அப்படி ஒரு ரிவால்வரைக் கொடுத்தால், ஒரு விரலால் இழுக்க முடியாமல் இரண்டு விரலை உள்ளே விடுவார், பிடி தளரும், வாய் எங்கோ திரும்பும். தூக்கச் சுலபம் என்று வாங்கிய லேசான துப்பாக்கி, இழுப்பதற்குக் கனமாகி, அவருக்கே ஆபத்தாக முடியும்.

எடையைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த எளிய வழி ஒன்று. தோட்டாக்கள் வேறு அறையில். துப்பாக்கி வெறுமை என்று இரண்டு முறை கண்ணாலும் ஒரு முறை விரலாலும் பார்த்தாயிற்று. சுவரைப் பார்த்து நின்று, முன்குறிக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து, ட்ரிக்கரை இழுங்கள். பத்து முறையில் எட்டு முறை நாணயம் விழாமல் இருந்தால் அந்த எடை உங்கள் கைக்குப் பொருந்துகிறது. மூன்றாவது முறையிலேயே மணிக்கட்டு நடுங்கினால் அது உங்களுக்குக் கனம். நீங்கள் இழுக்கிறோம் என்று நினைப்பதற்குள்ளேயே 'டிக்' என்று விட்டுவிட்டால் அது உங்களுக்கு லேசு. .22 துப்பாக்கிகளில் வெறுமையாக இழுத்தால் ஊசி குழாயின் பின்விளிம்பில் அடிக்கும் என்பதால் பிளாஸ்டிக் டம்மி போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. 2021 டிசம்பர் 30ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் பக்கம் பசுமலைப்பட்டியில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் சுடும் பயிற்சியில் இருந்தார்கள். அங்கிருந்து தூரத்தில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனான். அங்கே யாரும் தெரியாமல் இழுக்கவில்லை. வேண்டும் என்றே, சொல்லிக்கொடுத்தபடியே இழுத்த ட்ரிக்கர்கள். அவை ஐந்து கிலோவாக இருந்திருந்தாலும் பத்து கிலோவாக இருந்திருந்தாலும் அந்தக் குண்டு அங்கேதான் போயிருக்கும். குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை அந்த இடத்தில் யாரும் உறுதி செய்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் கழித்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, நான் எழுதப்போவதைச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்து வந்தார். நான் ஏதும் சொல்வதற்குள் சோபாவில் என் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டினார். ஆள்காட்டி விரல் ட்ரிக்கரின் மேல். வாய் என் முழங்காலைப் பார்த்து.

"நீங்களே பாருங்க மாப்ளே, எவ்வளவு டைட்டுன்னு."

நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தோட்டத்துப் பக்கச் சுவருக்குத் திருப்பினேன். பிறகு அறையைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். எண்ணினார். ஆறு இருந்தது.